யார் மடித்த விரிப்பு?

கேட்டிருக்கலாம். கீழ் வீட்டுக்காரம்மா அதைச் சொன்ன அன்றைக்கே மாடியேறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டிருக்கலாம். விஷயம் அன்றோடு போயிருக்கும்.

சிட்டு கேட்கவில்லை.

"வியாழக்கிழமை ஆனா மத்தியானத்துல ஒரு பொண்ணு உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போகுதே, தோள்ல பை மாட்டிக்கிட்டு? சொந்தக்காரங்களா?"

போன வாரம் படிக்கட்டில் வந்த கேள்வி. "ஆமா, தூரத்துச் சொந்தம்" என்று சிட்டு பதில் சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. முகம் தெரியாத ஒருத்திக்குத் தன் வாயாலேயே வீட்டில் இடம் கொடுத்தாகிவிட்டது.

மத்தியானத்தில் அந்த வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. சிட்டு ஓட்டலில் இருப்பாள். மகள் பட்டு பாலர் வகுப்பில் இருப்பாள். பள்ளி வேன் ஓட்டுகிற அத்தை, அவள் மாமியார், காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டால், அவர்களைத் திரும்பக் கூட்டிவரும்வரை பள்ளிக்கூட வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு மற்ற ஓட்டுநர்களோடு உட்கார்ந்திருப்பார். அப்படித்தான் சொல்வார்.

மிச்சம் இருப்பது அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அங்கே ஓட வேண்டும். எந்த நேரத்தில் எங்கே இருக்கிறான் என்று யாராலும் சொல்ல முடியாத வேலை. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவனிடம் வீட்டுச் சாவி இருக்கிறது.

ஒரு வாரமாக வீட்டில் எதைத் தொட்டாலும் யாரோ தொட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. நாற்காலி கொஞ்சம் நகர்ந்திருக்கிறதோ? தண்ணீர் டம்ளர் இப்படியா கவிழ்த்து வைத்தோம்? சந்தேகம் வந்த பிறகு வீடு முழுக்கச் சாட்சிகள்தான். ஒன்றுக்கும் வாய்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது என்பதற்காகத்தான் பெட்ஷீட் அலமாரியைத் திறந்தாள்.

நடைவழியில் சுவரோடு பதிந்த உயரமான அலமாரி அது. மேல் தட்டில் கம்பளிகள். நடுவில் விரிப்புகளும் தலையணை உறைகளும். கீழே துண்டுகள். கதவைத் திறந்தால் மேலிருந்து ஏதாவது ஒன்று தலையில் விழும். பட்டு அதற்கு "அலமாரி தும்முது" என்று பெயர் வைத்திருந்தாள்.

எல்லாவற்றையும் இறக்கிக் கட்டிலில் கொட்டினாள். வைத்துக்கொள்வது ஒரு பக்கம். நாய்க் காப்பகத்துக்குக் கொடுப்பது ஒரு பக்கம். கரித்துணியாகப் போவது நடைவழித் தரையில்.

கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த விரிப்பு, ஒரு தோட்டமே கொள்ளும் அளவுக்கு ரோஜாப்பூ போட்டது. அதில் ஒரு நாள் படுத்துவிட்டுக் கணவன், "யாரோ எனக்கு மாலை போட்டுப் படுக்க வச்ச மாதிரி இருக்கு" என்று எழுந்துவிட்டான். அது நாய்களுக்கு. தலையணையே இல்லாத உறைகள். உறையே இல்லாத ஒரு தலையணை. பட்டு கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய ரப்பர் விரிப்பு, மடிப்பிலேயே ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. நடுவில் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஜன்னல் தெரியும் வெள்ளை விரிப்பு.

கை வேகமாக ஓடியது. ஓட்டலிலும் இதுதான் அவள் வேலை. லினன் ரூம் மேற்பார்வை. சலவையிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் விரிப்புகளைப் பார்த்து, சரியாக மடிக்காததைத் திருப்பி அனுப்புவாள். எது யார் மடித்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். ஒருவர் மூலையை இழுத்துப் பிடிப்பார், ஒருவர் நடுவைத் தட்டி விடுவார், இடது கைக்காரர் மடிப்பு எதிர்ப்பக்கம் பார்க்கும். "மேடத்துக்குக் கைரேகை எல்லாம் வேணாம், ஒரு பெட்ஷீட் போதும்" என்று அங்கே கேலி செய்வார்கள்.

அந்தக் கை சட்டென்று நின்றது.

நடுத் தட்டிலிருந்து எடுத்த நீல விரிப்பு அது. அவள் மடித்ததல்ல. அவள் மடித்தால் நான்காக மடித்து, பிறகு மூன்றாக மடித்து, மூடிய விளிம்பு வெளியே பார்க்க வைப்பாள். அத்தை மடித்ததும் அல்ல. அத்தையின் மடிப்பு பெரிய சதுரம், உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து இஸ்திரி போட்டது போல இருக்கும். கணவன் மடிப்பதில்லை, சுருட்டி உள்ளே திணித்துக் கதவைச் சாத்துவான்.

இது நீளமாக, ஒடுங்கலாக இருந்தது. ஒரு முனை இறுக்கம். மறுமுனை தளர்ந்து, அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போயிருந்தன. ஒரே ஒரு மூலையில் மட்டும் துணி சின்னதாகச் சுருங்கியிருந்தது, கிளிப் போட்டு எடுத்தது போல.

அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படியே. பச்சைக் கட்டம் போட்டது, மஞ்சள், எலாஸ்டிக் வைத்தது. நடுத் தட்டு முழுக்க அதே ஒடுங்கல், அதே தளர்ந்த முனை, அதே மூலையில் அதே சுருக்கம்.

யாரோ ஒருத்தி இந்த வீட்டு விரிப்புகளைத் துவைத்து மடித்துத் திரும்ப வைத்திருக்கிறாள்.

விரிப்பை எதற்குத் துவைப்பார்கள்? அந்தக் கேள்வியைச் சிட்டு அவசரமாக மூடினாள். மூடிய கதவைத் தள்ளிக்கொண்டு அது வெளியே வந்தது.

"விடிஞ்சதும் விடியாததுமா என்னம்மா இது, கடை பரப்பிட்டே?"

அத்தை நடைவழியில் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த நீலக் கோட்டு. வேன் ஓட்டும்போது போட்டுக்கொள்வது. இரண்டு கைகளையும் பைக்குள் விட்டிருந்தார். குளிர் ஒன்றும் இல்லை.

"அலமாரியை ஒழிக்கிறேன் அத்தை."

"வேலைக்குப் போற இடத்துலயும் பெட்ஷீட், வீட்டுலயும் பெட்ஷீட்டா? உனக்குக் கனவுலயாவது வேற ஏதாவது வருமா?"

"இதை யாரு மடிச்சது?"

அத்தை நீல விரிப்பைப் பார்த்தார். பார்த்த நேரம் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

"நீதான் மடிச்சிருப்பே."

"நான் இப்படி மடிப்பேனா?"

"அவசரத்துல மடிச்சிருப்பே. எல்லாத்துக்கும் ஓட்டல் கணக்கா மூலை பார்த்துக்கிட்டே இருந்தா முடியுமா? விடும்மா. எடுத்ததை எடுத்த இடத்துல வச்சுட்டு வா, டீ போடறேன்."

எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கச் சொல்கிறவர் அத்தை இல்லை. பத்து மாதமாக அந்த அலமாரியை ஒழிக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தவரே அவர்தான்.

சிட்டு அவர் முதுகைப் பார்த்தபடி நின்றாள். இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் மறைக்கிறார்.

கணவன் கூடத்தில் பட்டுவின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"வியாழக்கிழமை மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"எந்த வியாழக்கிழமை?"

"போன வியாழக்கிழமை."

"ஏதாவது லிஃப்ட்டுக்கு மேல இருந்திருப்பேன். இல்ல, கீழ இருந்திருப்பேன்." நிமிர்ந்து பார்த்தான். "ஏன்?"

"சும்மாதான். வீட்டுக்கு வந்தீங்களா?"

"வீட்டுக்கு எதுக்கு வரப்போறேன்? சோறு கட்டிக்கிட்டுத்தானே போறேன்."

"இந்தப் பெட்ஷீட்டை யாரு மடிச்சாங்கன்னு தெரியுமா?"

அவன் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான்.

"சிட்டு, நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். உள்ள என்ன நடந்துச்சுன்னு கேட்டா எல்லாரும் இப்படித்தான் முழிப்பாங்க. பெட்ஷீட்டுக்கு எல்லாம் போலீஸ் கேஸா?"

"அம்மா போலீஸ்!" என்று பட்டு கைகொட்டினாள்.

சிட்டுவும் சிரித்தாள். சிரிப்பு முகத்தில் நின்றது, உள்ளே இறங்கவில்லை. பொய் சொல்கிறவன் முதலில் ஜோக் அடிப்பான் என்று ஒரு மனசு சொன்னது. உண்மை சொல்கிறவனும் ஜோக் அடிப்பான் என்று இன்னொரு மனசு சொன்னது. இவனோ எதற்கும் ஜோக் அடிப்பவன். மாமனார் இறந்த அன்றுகூட, அழுது முடித்துவிட்டு ஏதோ சொல்லி அத்தையைச் சிரிக்க வைத்தான். அப்படிப்பட்டவனை எதை வைத்து அளப்பது?

திரும்பி வந்து கீழ்த் தட்டைக் காலி செய்தாள். துண்டுகளுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, ஒரு சின்னக் கைத்துண்டு பந்தாகச் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. பிரித்தாள். நடுவில் மஞ்சளாக எண்ணெய்க் கறை. முகர்ந்தாள்.

பூ வாசனை. அந்த வீட்டில் யாரும் உபயோகிக்காத, மென்மையான, விலை அதிகம் என்று தெரிகிற ஏதோ ஒரு எண்ணெய்.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஓட்டலில் அறைகளிலிருந்து இறங்கும் துண்டுகளில் இந்த மாதிரி வாசனை வரும். யார் தங்கினார்கள், எதற்குத் தங்கினார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. அது யாரோ ஒருவரின் வாழ்க்கை, துவைத்தால் போய்விடும். இப்போது தன் துண்டு தன் மடியில் கிடக்கிறது. துவைக்க மனமில்லை.

சற்று நேரத்தில் கணவன் பட்டுவைச் சைக்கிளோடு கீழே கூட்டிக்கொண்டு போனான். போகும்போது அவள் பக்கமாகக் குனிந்து, "போலீஸ் மேடம், வெளிய போக அனுமதி உண்டா?" என்றான். குனிந்தபோது அவன் சட்டையைத் தன்னையறியாமல் முகர்ந்தாள். சோப்பு, வேர்வை, மெஷின் எண்ணெய். முகர்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. எட்டு வருஷம் கூட வாழ்ந்தவனை நாய் மாதிரி முகர்ந்து பார்க்கும் இடத்துக்கு வந்துவிட்டாள். குற்றம் அவன் பக்கமே இருந்தாலும் இந்தக் கூச்சம் அவளுடையதுதான்.

வீட்டில் அவளும் அத்தையும் மட்டும்.

சமையலறை வாசலில் போய் நின்று, இத்தனை நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அத்தை, மத்தியானத்துல இந்த வீட்டுக்கு யாரு வராங்க?"

அத்தை டீயை ஆற்றவில்லை. வடிகட்டியபடியே சொன்னார்.

"யாரு வருவாங்க? யாரும் வரலையே."

"கீழ் வீட்டுக்காரம்மா பார்த்திருக்காங்க. ஒரு பொண்ணு. தோள்ல பை."

"அவளுக்கு என்ன, வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு ஊர்ல போறவங்க வர்றவங்களை எல்லாம் நம்ம வீட்டுக்குள்ள அனுப்புவா. மேல் மாடிக்குப் போயிருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் மத்தியானம் இங்க இருக்க மாட்டீங்களே."

வடிகட்டி டம்ளரின் மேல் அப்படியே நின்றது.

"தெரியாதுதான்" என்றார் அத்தை. "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

பொய். நேருக்கு நேர் சொன்ன பொய். மகனைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று சிட்டுவுக்குத் தோன்றியது. இந்த அத்தையா? நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஆண் ஓட்டுநர்களுக்கு நடுவே வேனை நிறுத்த இடம் பிடித்தவர். வண்டியில் ஏறினால் சொந்தம் பார்க்கக் கூடாது என்று, பட்டுவைக்கூட மற்றப் பிள்ளைகள் போலவே 'வேன் ஆன்ட்டி' என்று கூப்பிடச் சொன்னவர். பட்டு இப்போது வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவ்வளவு நேர்கோடு போட்டு நடப்பவர் மகன் என்று வந்தால் கோணிவிடுவாரா? எல்லா அம்மாக்களும் அப்படித்தானா? நாளைக்கு நானுமா?

டீ குடிக்கப் பிடிக்கவில்லை. "மொட்டை மாடியில துணி காய்ஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். கொடியில் நேற்று போட்ட விரிப்புகள் காய்ந்து படபடத்தன. முதல் இரண்டை எடுத்துவந்து அத்தையின் கட்டிலில் போட்டாள்.

"மடிச்சு வைக்கட்டுமா?" என்றார் அத்தை. பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டது போலிருந்தது.

"வேணாம். நான் வந்து மடிச்சுக்கறேன்."

மறுபடி மேலே போனவள் பாதிப் படியில் திரும்பினாள். கிளிப் போடும் கூடையை மறந்திருந்தாள். வெறுங்காலோடு நடைவழியில் வந்தாள். அத்தையின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

வலது கையால் ஒரு மூலையைத் தூக்கினார். மறுமூலையைக் குனிந்து வாயில் கவ்விக்கொண்டார். பல்லால். கழுத்தை நிமிர்த்தித் துணியை இழுத்தார். இடது கை, துணியின் மேல், தூங்குகிற குழந்தையின் கை மாதிரி விரல் மடங்கிக் கிடந்தது. அதன் முழங்கையால் துணியை அழுத்திப் பிடித்து, வலது கையால் மடித்து, மறுபடி குனிந்து, மறுபடி கவ்வினார். மூச்சு வாங்கியது. ஒரு முனை இறுகியது. மறுமுனை வழுக்கிப் போயிற்று. "ச்சே" என்றார், வாயில் துணியோடு.

சிட்டு கதவருகே நின்றுவிட்டாள்.

முதலில் வந்தது நிம்மதி. உடம்பு முழுக்கச் சுடுதண்ணீர் ஊற்றியது போல ஒரு நிம்மதி. ஒருத்தியும் இல்லை. எவளும் வந்து என் விரிப்பில் படுக்கவில்லை. ஒரு வயதான பெண் பல்லால் துணியைக் கவ்வி இழுப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் மனசு அந்த அளவுக்குச் சந்தோஷப்பட்டது. அதை நினைத்துப் பார்க்கவே பிறகு பல நாள் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அத்தை."

அத்தையின் வாயிலிருந்து துணி விழுந்தது. ஈரமாக, சுருங்கிய ஒரு மூலை.

"நீ மேல போனியே."

"கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. மரத்துப் போச்சு. ஒரே பக்கமா படுத்துட்டேன்."

சிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அலமாரி நடைவழியில் வாய் பிளந்து நிற்பது ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அவள் அத்தையின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நடுத் தட்டு முழுக்க ஒரே பக்கமாத்தான் படுத்தீங்களா?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. கட்டிலிலிருந்து மெதுவாக இறங்கி அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"கழுத்து நரம்பாம். டாக்டர்கிட்ட காட்டிட்டேன். நானே போய்க் காட்டினேன். அந்தப் பொண்ணு கைக்குப் பயிற்சி கொடுக்க வருது. எண்ணெய் தேய்ச்சு விடும், பந்தை அமுக்கச் சொல்லும். 'வீட்டுல துணி இருந்தா மடிங்கம்மா, அதுவே பயிற்சிதான்'னு சொல்லுச்சு. உன் அலமாரியை எடுத்து எடுத்து மடிச்சேன். பல்லு வச்சா மட்டும் அதுக்குக் கோவம் வரும். 'பல்லுக்கு யாரும்மா பயிற்சி கேட்டாங்க'ன்னு திட்டும்."

"துண்டு?"

"எண்ணெய்க் கறை போகல. ஒளிச்சு வச்சேன். நீ மோப்பம் பிடிப்பேன்னு தெரியும்." நிறுத்தி, சிட்டுவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ என்ன நினைச்சே?"

சிட்டுவின் பார்வை ஜன்னல் பக்கம் போனது, கணவன் கீழே இருந்த பக்கம்.

"அவனையா?" அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். "அடிப் பாவிப் பொண்ணே! சாக்ஸையே ஜோடி சேர்க்கத் தெரியாதவன்டி அவன். அவனுக்கு எங்கேர்ந்து இன்னொரு ஜோடி?"

இருவரும் சிரித்தார்கள். தரையில் உட்கார்ந்துகொண்டு, விரிப்பை நடுவில் போட்டுக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் இடித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் சிட்டுவுக்கு அடுத்தது உறைத்தது.

நாளைக்குத் திங்கட்கிழமை.

"அத்தை, வண்டி?"

அத்தை சிரிப்பை நிறுத்தினார்.

"வண்டிக்கு என்ன?"

"இந்தக் கையோடவா ஓட்டறீங்க?"

"வண்டியில கை நல்லா இருக்கும். பழகின கை. அது பாட்டுக்குப் பிடிச்சுக்கும்."

"டாக்டர் என்ன சொன்னாங்க, வண்டி ஓட்டறதைப் பத்தி?"

"அவங்க கேட்கல." அத்தை விரிப்பின் நூல் ஒன்றைப் பிய்த்தார். "நான் சொல்லல."

ஜன்னலுக்கு வெளியே, கீழே, பட்டு சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த வேனில் ஓட்டுநருக்கு நேர் பின்னால்தான் அவள் உட்காருவாள். பக்கத்தில் எப்போதும் மூக்கு ஒழுகும் பையன். அதற்குப் பின்னால் இரட்டையர்கள். சிட்டுவுக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். காலையில் கதவு மூடும்போது அவர்களுடைய அம்மாக்கள் அத்தையைப் பார்த்துக் கையாட்டுவார்கள். அந்தக் கையாட்டலில் ஒரு துளி சந்தேகம் இருக்காது.

"இந்த முனையைப் பிடிங்க" என்று விரிப்பை நீட்டினாள் சிட்டு.

"எதுக்கு?"

"மடிக்கலாம். ரெண்டு பேரா. ரெண்டு கையாலயும் பிடிங்க."

அத்தை பிடித்தார். இடது விரல்களை வலது கையால் ஒவ்வொன்றாகத் துணியின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு, பார் என்பது போல நிமிர்ந்தார். சிட்டு எதிர்ப்பக்கத்தைப் பிடித்தாள். லேசாக, ஒரு சுண்டு சுண்டினாள்.

இடது மூலை, பிடித்த தடமே இல்லாமல், கழன்று வந்தது.

"நீ திடீர்னு இழுத்தே" என்றார் அத்தை.

"குறுக்க ஒரு பிள்ளை ஓடி வந்தாலும் திடீர்னுதான் அத்தை வரும்."

சொன்ன பிறகு அந்த வார்த்தையை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அத்தை தன் கையைப் பார்த்தார், யாரோ தன்னிடம் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல.

"ஒரு கீறல் உண்டா, இத்தனை வருஷத்துல? ஒரு பிள்ளையை ஒரு நாள் லேட்டா இறக்கி விட்டிருக்கேனா?"

"இல்ல."

"பள்ளிக்கூடம் மூடற வரைக்கும் விடும்மா. லீவுல கை சரியாயிடும். அந்தப் பொண்ணு சொல்லுது, தேறுதுன்னு. இப்ப நிறுத்தினா அந்த இடத்துல வேற வண்டி வந்துடும். அப்புறம் கை வந்தாலும் வண்டி வராது." குரல் இறங்கியது. "காலையில அந்தப் பிள்ளைங்க எல்லாம் 'வேன் ஆன்ட்டி'ன்னு கத்திக்கிட்டு வருதுங்க பாரு, அதுக்குத்தான் நான் எழுந்திருக்கறேன். அதுவும் போனா நான் யாரு? உன் மாமியார். அவ்வளவுதான். அது ஒரு வேலையா?"

சிட்டு கழன்று வந்த மூலையை மடியில் வைத்துக்கொண்டாள். இந்தப் பெண்ணைத்தான் காலையிலிருந்து பொய்க்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். இவர் மறைத்தது மகனுடைய தப்பை அல்ல, தன்னை. அதைப் புரிந்துகொள்ள முடிந்தது. புரிந்துகொண்டதால் அந்த இடது கைக்குப் பிடி வந்துவிடாது.

"அவன்கிட்ட மட்டும் சொல்லாதே" என்றார் அத்தை. "அவன் உடனே வண்டியை வித்துடுவான். அவன் அப்பா போனதுலேர்ந்து எனக்கு ஒரு தும்மல் வந்தாலே பயப்படறான். சத்தியமா சொல்லாதே."

"நாளைக்குக் காலையில வண்டியை எடுக்காதீங்க. மீதியை அப்புறம் பேசலாம்."

"எடுக்கலன்னா அவனுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியட்டும் அத்தை."

"அப்ப நீயே சொன்ன மாதிரிதானே?"

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சைக்கிளைக் கூடத்தில் இடித்துக்கொண்டு பட்டு வந்தாள், பின்னாலேயே கணவனும். நடைவழியில் கொட்டிக் கிடந்த துணிகளைத் தாண்டி வந்து அறைக் கதவைத் தள்ளினான்.

தரையில் இரண்டு பெண்கள். நடுவில் பாதி மடித்த விரிப்பு. இருவர் கண்களும் சிவந்திருந்தன. அத்தையின் இடது கை மெதுவாக விரிப்புக்கு அடியில் போயிற்று.

"என்ன ரகசியம், கதவைச் சாத்திக்கிட்டு?"

"ரகசியம் என்ன ரகசியம்" என்றார் அத்தை. "அலமாரியை ஒழிச்சோம். தூசி."

"தூசியா?" அவன் சிட்டுவைப் பார்த்தான். "காலையிலேர்ந்து நீ என்னைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தே. இப்ப நான் கேட்கறேன். என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்ல."

அவன் சிரிக்கவில்லை. ஜோக்கும் அடிக்கவில்லை. காலையில் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சிட்டு முதல் முறையாகப் பார்த்தாள், அவன் முகத்தில்.

அத்தை வலது கையை ஊன்றி எழுந்தார். குரலில் எதுவும் நடக்காத உற்சாகம்.

"யாரு சைக்கிள்ல கீழே விழாம சுத்தினது? நாளைக்கு முன் சீட்டு அவளுக்குத்தான். வேன் ஆன்ட்டி பக்கத்துலயே."

"ஐ!" என்று குதித்தாள் பட்டு.

"பட்டு நாளைக்கு வேன்ல வரமாட்டா."

சொன்னது சிட்டுதான். யோசித்துச் சொல்லவில்லை. வாய் திறந்தது, வார்த்தை வெளியே நின்றது. அத்தையின் முகத்திலிருந்து அந்த உற்சாகம் விரிப்பு வழுக்குவது போல வழுக்கி விழுந்தது.

"ஏன்?" என்றான் கணவன்.

சிட்டு மகளை இழுத்துத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டாள். என் பிள்ளை பத்திரம். அவ்வளவு நேரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

பட்டு அம்மாவின் கைக்குள்ளிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நான் மட்டுமா வரல? மத்தவங்க எல்லாம் வருவாங்களா?"

சிட்டுவின் கை தளர்ந்தது. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணவன் அம்மாவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர்களுக்கு எதிரே, பாதி மடித்த விரிப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"சரி" என்றான். "யாரு முதல்ல சொல்றீங்க?"